சாவியில்லாக் கார்களும் எல்லைப்புறத் திருட்டும்

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் புதிய மோட்டார் கார் வாங்கப் போகிறவரிடம் வியாபாரி முதலில் எடுத்துக் காட்டுவது இப்பொழுதெல்லாம் எஞ்சினை அன்று, சாவியைத்தான். அது சட்டைப் பையிலேயே கிடக்கலாம். கைபட்ட மாத்திரத்தில் கதவு திறக்கும். பொத்தானை அமுக்கினால் வண்டி புறப்பட்டுவிடும். சௌகரியம் உண்மையே. ஆனால் அந்தச் சௌகரியம் காருக்கு உடையவனுக்கு மட்டுமே உரியதா, அயலானுக்கும் உரியதா என்ற கேள்வியை வாங்குகிறவர் கேட்பதில்லை. விற்கிறவர் தாமாகச் சொல்வதுமில்லை. அதை இன்று நாம் கேட்க விரும்புகிறோம்.

2025 ஜூன் மாதத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். டெல்லி சப்தர்ஜங் என்கிளேவில் ஒரு வீட்டு வாசலில் நின்ற புதிய காரைத் திருடர்கள் சில விநாடிகளில் வசப்படுத்திக்கொண்டு போன காட்சி காமிராவில் பதிவாகி நாடெங்கும் பரவிற்று. அதே மாதத்தில், சென்னை அண்ணாநகர் பகுதியில் களவுபோன ஒரு விலையுயர்ந்த காரைப் பற்றிய விசாரணையில், பட்டப்படிப்புப் படித்த வடநாட்டார் ஒருவரைச் சென்னைப் போலீஸார் புதுச்சேரியில் கைது செய்தார்கள். பல ராஜ்யங்களில் பல ஆண்டுகளாக நூற்றுக்கு மேற்பட்ட கார்கள் அவர் கைக்குப் போயின என்று போலீஸார் கூறியதாகப் பத்திரிகைகள் எழுதின. அவர் விஷயத்தில் நியாயஸ்தலம் தீர்ப்புச் சொல்லட்டும். நாம் கவனிக்கவேண்டுவது வேறு. கன்னக்கோலும் கள்ளச்சாவியும் கொண்டு திரிந்த பழைய திருடனுடைய இடத்தில் மின்னணுக் கருவிகளைக் கையாளத் தெரிந்த புதிய திருடன் வந்து நிற்கிறான் என்பதே அது.

அவன் செய்கிற வித்தையில் மாயம் ஒன்றுமில்லை. சாவியில்லாக் கார் என்று பெயரே ஒழிய, சாவி இருக்கத்தான் இருக்கிறது. அது பேசுகிற சாவி. கதவின் கைப்பிடியைத் தொட்டதும் கார், விநாடிக்குச் சுமார் 1,25,000 அதிர்வுகள் கொண்ட ஒரு மெல்லிய ரேடியோக் குரலில், "என் சாவி அருகில் உண்டா?" என்று கேட்கிறது. அந்தக் குரல் ஓரிரு மீட்டருக்கு அப்பால் எட்டாது. சாவி அதைக் கேட்டால், பல கோடி அதிர்வுகள் கொண்ட வேறொரு குரலில், ரகசியக் கணக்குப் போட்டு விடை சொல்கிறது. விடை சரியானால் கதவு திறக்கிறது. கணக்கு கடினமானது, எளிதில் உடைக்க முடியாதது. ஆனால் திருடன் அதை உடைக்கப் போவதே இல்லை. ஒருவன் காரின் அருகில் ஒரு பெட்டியுடன் நிற்கிறான்; மற்றொருவன் வீட்டு வாசற்படியருகில் இன்னொரு பெட்டியுடன் நிற்கிறான். காரின் கேள்வியை முதற்பெட்டி வாங்கி இரண்டாவதற்கு அனுப்ப, அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சாவிக்குச் சொல்ல, சாவி உண்மையான விடையையே கொடுக்கிறது. தூது போனவன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவேண்டிய அவசியமில்லை அல்லவா? கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். விடை வந்ததைக்கொண்டு சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடுகிறது. பிழை கணக்கில் இல்லை. இந்த நம்பிக்கையில் இருக்கிறது.

எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கியபின் சாவி அகன்றாலும் வண்டி நிற்பதில்லை. ஓடும் வண்டியை நடுச்சாலையில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்து என்பதால் கம்பெனிகள் அவ்வாறு அமைத்திருக்கின்றன. காரணம் நியாயமானதுதான். எனினும் அதன் பலன் என்ன? ஓசூரில் புறப்பட்ட திருடன், தானாக எஞ்சினை அணைக்கும் வரையில், எவ்வளவு தூரமும் போகலாம்.

இது நேற்றுத் தெரிந்த சங்கதியன்று. 2011-ம் ஆண்டிலேயே ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச் நகரத்து ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சியோன், டானெவ், சாப்குன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் எட்டுக் கம்பெனிகளின் பத்து வகைக் கார்களை இவ்வாறு பரிசோதித்து, பத்தும் ஏமாந்தன என்று வெளியிட்டார்கள். அன்று முதல் இன்றுவரை விற்ற சாவியில்லாக் கார் ஒவ்வொன்றும், தயாரித்தவர் இக்குறையை அறிந்தே விற்ற கார் என்று சொன்னால் அதில் அநியாயம் ஏதுமில்லை.

தூதுப் பெட்டி ஒன்றே வழியென்று எண்ணிவிடக் கூடாது. 2022-ல் லண்டனில், மோட்டார் மின்னணுப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட இயன் டாபர் என்ற ஆராய்ச்சியாளருடைய டொயோட்டா கார் களவு போயிற்று. அதற்குமுன் யாரோ முன்விளக்கின் பக்கத்தைப் பெயர்த்திருந்தார்கள். விஷமிகளின் வேலை என்று அவர் நினைத்தார். அடுத்த ஆண்டில் அவரும் கென் டிண்டெல் என்ற நிபுணரும் ஆராய்ந்து வெளியிட்ட உண்மை இது: காரின் உறுப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் 'கான்' என்ற கம்பித்தடம், பாஷ் கம்பெனி 1986-ல் வெளியிட்டது, முன்விளக்கு வரைக்கும் போகிறது. விளக்கின் பின்னால் கம்பியைத் தொட்டு, சிறிய ஒலிபெருக்கிபோல வேஷமிட்ட ஒரு கருவியைப் பொருத்தினால், "சாவி சரியாக இருக்கிறது" என்ற பொய்ச் செய்தியை அதன் வழியே உள்ளே அனுப்பிவிடலாம். அந்தத் தடத்தில் பேசுகிறவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. இனி, நம் நாட்டில் அதிகமாகக் கையாளப்படும் முறை இன்னும் நேரானது. ஜன்னலை உடைத்து உள்ளே நுழைகிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் தமது கருவியைச் செருகிப் பழுது பார்க்கும் ஓ.பி.டி. என்ற துவாரத்தில் ஒரு பலகைக் கம்ப்யூட்டரைச் செருகி, புதுச் சாவி ஒன்றைக் காருக்கு அறிமுகம் செய்துவைக்கிறார்கள். பிறகு அது அவர்களுடைய கார்.

இவ்வளவையும் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் விசேஷமாக ஏன் சொல்கிறோம் என்றால், பூகோளம் அப்படி அமைந்திருக்கிறது. ஓசூரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் சூசூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி, அங்கே கர்நாடகம். பாகலூர் வழியாக மாலூருக்கும் தளி வழியாக ஆனேக்கல்லுக்கும் சாலைகள் உண்டு. கிருஷ்ணகிரியிலோ பெங்களூர், சென்னை, சேலம், திருவண்ணாமலை ஆகிய நான்கு திசைச் சாலைகளும் கூடுகின்றன. குப்பம் வழியாக ஆந்திரமும் சமீபம். 2017-ல் சரக்கு சேவை வரி வந்தபின் வரி வசூலுக்கான பழைய சோதனைச் சாவடிகள் மறைந்தன. வியாபாரத்துக்கு அது நன்மையே. அதை மீட்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கண் இருந்த இடத்தில் இன்று கண் இல்லை.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஓசூரில் வசித்துக்கொண்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறவர்கள் அநேகர். அங்கே வசித்து இங்கே தொழில் நடத்துகிறவர்களும் அநேகர். தமிழ்நாட்டுப் பதிவெண் 70-ம் கர்நாடகப் பதிவெண் 51-ம் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன. வேறு ஊரில் அயல் பதிவெண் கண்ணில் உறுத்தும், இங்கே உறுத்தாது. தொழிற்பேட்டைகளில் மூன்று ஷிப்டும் வேலை நடப்பதால் இரவு இரண்டு மணிக்கு ஒரு கார் புறப்படுவதும் யாருக்கும் வியப்பில்லை. திருடனுக்கு இருட்டைவிட உதவியானது இந்தச் சகஜ பாவம்.

கார் என்பது பணக்காரன் வீட்டுச் சாமான். அதன் களவுக்குப் பொதுஜன ஊழியர்கள் ஏன் கவலைப்படவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் காலம் போய்விட்டது. சிப்காட்டில் சிறு பட்டறை நடத்துகிறவரும், வாடகைக்கு வண்டி விடுகிறவரும், தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் உழைத்துக் கையிருப்புச் சேர்த்தவரும் பாங்கியில் கடன் வாங்கித்தான் கார் வாங்குகிறார்கள். கார் போனால் கடன் போவதில்லை. மாதத் தவணை நின்றபாடில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவிகளையும் கேட்கிறது; போலீஸாரின் முதல் தகவல் அறிக்கையையும், பிறகு வண்டி அகப்படவில்லை என்ற அறிக்கையையும் கேட்கிறது. இரண்டு சாவியும் கையில் பத்திரமாக இருக்க, பூட்டு உடையாமல், வண்டி மட்டும் எப்படிப் போயிற்று என்று உடைமைக்காரரே விளக்கவேண்டிய நிலைமை. களவு கொடுத்தவன் குற்றவாளிபோல நிற்கிறான்.

பரிகாரம் உண்டா? உண்டு. இம்மொபிலைசர் என்ற எஞ்சின் தடை கருவி புதியதன்று. ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு அது 1998-ல் கட்டாயமாயிற்று. அதன் பலனைப் பற்றி நெதர்லாந்து நாட்டுப் பொருளாதார நிபுணர்கள் வான் அவுர்ஸ், வோல்லார்ட் என்ற இருவர் செய்த ஆராய்ச்சி 2016-ல் வெளியாயிற்று. 1995 முதல் 2008 வரை கார்த் திருட்டு ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது குறைந்ததற்கு இக்கருவியே காரணம் என்று அவர்கள் கணித்தார்கள். மாறாக அமெரிக்காவில் 2011-க்கும் 2021-க்கும் இடையே கியா, ஹூண்டாய் கம்பெனிகள் பல மாடல்களை இக்கருவி இல்லாமலே விற்றன. பள்ளிச் சிறுவர்கள்கூட அவற்றைத் திருடக் கற்றுக்கொண்டார்கள். 2023 பிப்ரவரியில் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவசமாகத் திருத்தம் செய்து தருவதாக அக்கம்பெனிகள் அறிவிக்க நேர்ந்தது. கருவி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆனால் கம்பெனி வைத்த இம்மொபிலைசர் அந்தப் பேசுகிற சாவியையே நம்புகிறது. சாவியை ஏமாற்றினால் இதையும் ஏமாற்றியாயிற்று. ஆகையால்தான் காரை வாங்கியபின் தனியாகப் பொருத்தும் இரண்டாவது இம்மொபிலைசர் அவசியமாகிறது. அதன் சிறப்பு ஒன்றே: அதன் ரகசியம் காற்றில் போவதில்லை, உடைமைக்காரர் மனத்தில் இருக்கிறது. ஒரு வகையில், ஸ்டீயரிங்கிலும் கதவிலும் ஏற்கெனவே உள்ள பொத்தான்களை நாம் குறித்துவைத்த வரிசையில் அமுக்கினாலன்றி எஞ்சின் கிளம்பாது, அல்லது கியர் விழாது. இவ்வகைக் கருவி முன் சொன்ன கான் தடத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மற்றொரு வகை பழைய முறை: ஸ்டார்ட்டருக்கோ பெட்ரோல் பம்புக்கோ போகும் மின்சாரத்தை நடுவில் ஒரு ரிலே துண்டித்து வைத்திருக்கும், மறைவான இடத்திலுள்ள விசையைத் தொட்டால்தான் இணையும். தூதுப் பெட்டியால் கதவு திறக்கட்டும். துவாரத்தின் வழியாகப் புதுச் சாவி அறிமுகமாகட்டும். இந்த இரண்டாம் காவற்காரன் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. திருடனுக்கு நேரம் போதாது. நேரந்தான் அவனுடைய முதல். மேலே தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவனை எந்தக் கருவியும் தடுக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. டெலிபோன் மூலம் எங்கிருந்தாவது எஞ்சினை நிறுத்தலாம் என்று மலிவான கருவிகளை விற்கிறார்கள். வண்டி எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்வதற்கு அவை உதவலாம். ஆனால் ஓடுகிற எஞ்சினை நிறுத்தும் எதையும் காரில் வைக்கலாகாது என்பது நமது திடமான அபிப்பிராயம். மேலுமலை இறக்கத்தில், முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரிகள் வரும்போது, தவறான ஒரு சமிக்ஞையாலோ மட்டமான ஒரு ரிலே சுட்டுப்போனதாலோ எஞ்சின் நின்றால், ஸ்டீயரிங் கனக்கும்; பிரேக்கின் துணைச் சக்தி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். திருடனுக்கு வைத்த கண்ணி குடும்பத்தை விழுங்கிவிடும். கிளம்புவதைத் தடுப்பதே நல்ல இம்மொபிலைசரின் வேலை. கிளம்பியபின் அது உறங்கவேண்டும்.

கருவியைவிடப் பொருத்துகிறவர் முக்கியம். கம்பியை அறுத்து, நாடாவைச் சுற்றி, ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கிறவரிடம் போனால் தீப்பற்றும் அபாயத்தை விலைக்கு வாங்கியதாகும். கம்பெனியின் உத்தரவாதமும் தகராறுக்கு உள்ளாகும். அன்றியும் உங்கள் காரில் காவல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிந்த இரண்டாவது மனிதர் அவர். ஆகவே ரசீதில் கருவியின் பெயரும் எண்ணும் பொருத்தியவரின் பெயரும் எழுதி வாங்கவேண்டும். ரகசிய வரிசையை வீடு வந்தபின் தாமே மாற்றிக்கொள்ளவேண்டும். சர்வீஸுக்கு விடும்போது அந்த வரிசையைச் சொல்லாமல், கருவியில் உள்ள சர்வீஸ் ஏற்பாட்டை உபயோகிக்கவேண்டும்.

இவ்வளவு செலவுக்கு வழியில்லாதவர்கள், உலோக இழை வைத்துத் தைத்த உறையில் சாவியை வைக்கலாம்; மாற்றுச் சாவியை மறந்துவிடக் கூடாது. உறையோடு காரின் அருகில் நின்று கதவைத் தொட்டுப் பார்த்தால் உறையின் யோக்கியதை உடனே தெரியும். ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புத் தடியைப் பழைய சாமான் என்று இகழவேண்டாம். எந்த அலைவரிசைக்கும் அது மசிவதில்லை.

ஆனால் இதெல்லாம் உடைமைக்காரன் தன் கைப்பணத்தில் செய்துகொள்ளும் தற்காப்பு. பூட்டோடு வீட்டை விற்றவன், "பூட்டு போதாது, வேறொன்று வாங்கிக்கொள்" என்றால் நாம் ஒப்புவோமா? பிழையைத் திருத்தும் வழி கம்பெனிகளுக்குத் தெரியாமல் இல்லை. ரேடியோ அலை ஒரு விநாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வது. விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் முப்பது சென்டிமீட்டர். சாவியின் விடை வர எவ்வளவு நேரமாயிற்று என்று நுட்பமாக அளந்தால், சாவி பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தூதுப் பெட்டியால் காலத்தைக் குறைக்க முடியாது. அகன்ற அலைவரிசை முறை என்ற இதை, நம் நாட்டு டாட்டா கம்பெனிக்கு 2008 முதல் சொந்தமான ஜாகுவார் லாண்ட்ரோவர் 2018 முதலே தன் கார்களில் கையாளத் தொடங்கியது. அக்கம்பெனியின் கார்கள் இங்கிலாந்தில் களவுபோவது பெரிய கூச்சலாகி, இன்ஷூரன்ஸ் கிடைப்பதே அரிதானபோது, 2023-ல் ஒரு கோடி பவுனுக்கு மேல் செலவிட்டுப் பழைய கார்களின் பாதுகாப்பையும் பலப்படுத்துவதாக அறிவித்தது. லண்டன்வாசி கூச்சலிட்டால் கிடைக்கிற பாதுகாப்பு ஓசூர்வாசிக்கும் கிடைக்கவேண்டும். அசையாமல் இருக்கும் சாவி சற்று நேரத்தில் தானே உறங்கிவிடும் ஏற்பாடு இன்னும் மலிவானது. அதையாவது எல்லாக் கார்களிலும் வைக்கத் தடை என்ன?

சர்க்காரும் கைகட்டி நிற்கலாகாது. வாகனங்களின் மின்னணுப் பாதுகாப்புக்கென ஐக்கிய நாடுகளின் 155-ம் விதி 2021-ல் அமலுக்கு வந்தது. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்தும் அதற்கு உட்பட்டன. அதைத் தழுவி நம் நாட்டில் ஏ.ஐ.எஸ். 189 என்ற தரக்குறிப்பு வரையப்பட்டது. தரக்குறிப்பு காகிதத்தில் நின்றால் போதாது. தூதுப் பெட்டிக்கு ஏமாறும் சாவி விற்பனைக்குத் தகுதியற்றது என்று அதில் பச்சையாக எழுதி நிறைவேற்றவேண்டும். இங்கிலாந்து சர்க்கார் 2025-ல், கார்த் திருட்டுக்கான மின்னணுக் கருவிகளை வைத்திருப்பதையே ஐந்தாண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்க மசோதா கொண்டுவந்தது. நம் நாட்டிலும் சமிக்ஞை மறிப்புக் கருவிகள் அனுமதியின்றி உபயோகிக்கத் தகாதவை என்று தொலைத்தொடர்பு இலாகா 2022-ல் நினைவூட்டியதுண்டு. புதுச்சாவி எழுதும் கருவிகளையும் பெயர் குறித்து, அவை வேண்டிய பூட்டுத் தொழிலாளருக்கும் பட்டறைகளுக்கும் லைசென்ஸ் அளித்து, மற்றவர் கையில் அகப்பட்டால் குற்றம் என்று செய்வதில் என்ன கஷ்டம்?

இன்ஷூரன்ஸ் விஷயம் வேடிக்கையானது. 2002-ம் வருஷத்து இந்திய மோட்டார் தாரிஃப்படி, பூனாவிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவியை வைத்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் இரண்டரை சதவிகிதம் தள்ளுபடி. ஆனால் 500 ரூபாய்க்கு மேற்படாது. பத்து லட்ச ரூபாய் காரைக் காப்பாற்றிக் கொடுக்கிறவனுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி காட்டும் நன்றி இவ்வளவே! இந்த வரம்பு உயரவேண்டும்.

ஓசூர் வட்டாரத்துக்கு இதில் தனிப் பாத்தியதையும் உண்டு. அசோக் லேலண்டும், டி.வி.எஸ். மோட்டாரும், டைட்டனும் வேரூன்றிய பூமி இது. ஏதரின் மின்சார ஸ்கூட்டர்கள் ஓசூரிலும், ஓலாவின் ஸ்கூட்டர்கள் போச்சம்பள்ளியிலும் உற்பத்தியாயின. நுண்ணிய மின்னணு வேலைக்குப் பழகிய கைகள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. நம்பத்தகுந்த இம்மொபிலைசரை வெளிநாட்டிலிருந்து வாங்கிவரவேண்டிய அவசியம் ஓசூருக்கு ஏன்? சிப்காட்டின் சிறு தொழிலதிபர்கள் கூடி ஒரு கருவியை அமைத்து, பூனாவில் பரிசோதித்து முத்திரை பெற்று, ஐ.டி.ஐ.களில் பொருத்துவோருக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளித்தால், ஊருக்குக் காவலும் இளைஞருக்குத் தொழிலும் ஒருங்கே கிடைக்கும். ஜில்லா கலெக்டர் அழைத்தால் இந்த ஆலோசனையை ஒரு கூட்டத்தில் தொடங்கிவிடலாம்.

போலீஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். மின்னணு மூலமாகவும் அனுப்பி, மூன்று நாட்களுக்குள் கையெழுத்திடலாம். அத்திப்பள்ளிக்குப் போ, ஓசூருக்குப் போ என்று புகார்க்காரரை அலைக்கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. அதேநாளில் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-வது பிரிவு, கும்பலாக நடத்தும் வாகனத் திருட்டை அமைப்புரீதியான குற்றங்களில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சட்டம் கைக்கு வந்துவிட்டது. கிருஷ்ணகிரி ஜில்லா போலீஸாரும் பெங்களூர்ப் புறநகர்ப் போலீஸாரும், அவர்களோடு சித்தூர்ப் போலீஸாரும், களவுபோன காரின் எண்ணைப் புகார் வந்த நிமிஷத்திலேயே ஒருவருக்கொருவர் தெரிவித்து, கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளிச் சுங்கச் சாவடிகளின் காமிராக்களில் தேடும் ஏற்பாட்டை நிரந்தரமாகச் செய்துகொள்ளவேண்டும். பாகலூர்ச் சாலையிலும் தளிச் சாலையிலும் எண்ணைப் படிக்கும் காமிராக்களை அமைக்கும் செலவை இரு ராஜ்யங்களும் பகிர்ந்துகொள்ளலாம். எல்லைக்கு அப்பால் அரை மைலில் ஒன்று, இப்பால் அரை மைலில் ஒன்று.